காட்டுத்தீயும் வானோடியும்

நுழையும்முன்

தீப்பற்றிய மலைச்சரிவின்மேல் ஒரு ஹெலிகாப்டர் நீரைக் கொட்டிச் செல்லும் காட்சியைத் தொலைக்காட்சியில் பலரும் கண்டிருப்பர். அக்காட்சி நீடிப்பது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சியும் ஓயாத கணக்கீடும் உள்ளன. துணிவு ஒன்றே போதும் என்று எண்ணத் தோன்றும் இப்பணியில், துணிவினும் முதன்மையானது ஒன்று உண்டு. அஃது எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தீயின் இயல்பு

எரிபொருள், வெப்பம், உயிர்வளி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் தீ எரியும். இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் தீ அணைந்துவிடும். பரந்த காட்டில் உயிர்வளியைத் தடுத்து நிறுத்த இயலாது. எனவே, காட்டுத்தீயை எதிர்கொள்வோர் மற்ற இரண்டின்மீதே கருத்தைச் செலுத்துகின்றனர். நீர் வெப்பத்தைத் தணிக்கிறது. தீ வரும் வழியிலுள்ள சருகு, புல், புதர் ஆகியவற்றை அகற்றி வெறும் மண் தெரியுமாறு அமைக்கப்படும் தீத்தடுப்புக் கோடு எரிபொருளைத் துண்டிக்கிறது.

உலர்ந்த மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசுவதால் காட்டில் தீ பிறப்பதைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். இக்காலத்தில் மின்னலாலும் மனிதரின் கவனக்குறைவாலும் காட்டுத்தீ மூள்கிறது. அணைக்காமல் விட்ட ஓர் அடுப்பும், அறுந்து விழுந்த ஒரு மின்கம்பியும் ஒரு மலையையே எரித்துவிடப் போதுமானவை.

சமவெளியைவிட மலைச்சரிவில் தீ விரைந்து பரவும். கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள செடிகொடிகளைத் தான் தொடுவதற்கு முன்பே சூடாக்கி உலர்த்திவிடுவதே இதற்குக் காரணம். அத்தகைய சரிவுகளுக்குச் சாலை இராது. தீயணைப்பு ஊர்தி செல்ல முடியாது. கால்நடையாக ஏறிச் செல்வோர் சென்று சேர்வதற்குள் சிறு தீ பெருந்தீயாகிவிடும். இவ்விடத்தில்தான் ஹெலிகாப்டரின் உதவி தேவைப்படுகிறது.

பறக்கும் வாளி

விமானம் தரையிறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். உலங்கு வானூர்தி எனப்படும் ஹெலிகாப்டருக்கு ஒரு சிறு சமதளம் போதும். அது செங்குத்தாக ஏறும், இறங்கும், காற்றில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும். இவ்வியல்புகளால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1940களின் இறுதியிலேயே காட்டுத்தீப் பணியில் ஹெலிகாப்டர் ஈடுபடுத்தப்பட்டது. தொடக்கத்தில் ஆட்களையும் கருவிகளையும் கொண்டுசேர்க்கவே அது பெரிதும் உதவியது. பின்னர் நீரைச் சுமக்கும் வாளிகளும் தொட்டிகளும் வந்தன.

1980களின் தொடக்கத்தில் கனடாவைச் சேர்ந்த டான் ஆர்னி என்பவர் மடக்கி எடுத்துச் செல்லத்தக்க வாளி ஒன்றை உருவாக்கினார். ‘பாம்பி பக்கெட்’ என்னும் பெயருடைய அவ்வாளி இன்று உலகின் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. உறுதியான துணியால் ஆன அது, ஹெலிகாப்டரின் அடிப்புறக் கொக்கியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும். ஏரியிலோ நீர்த்தேக்கத்திலோ அதனை அமிழ்த்தி, நிரம்பியதும் மேலே தூக்குவர். தீயின்மேல் சென்றதும் விமானி ஒரு பொத்தானை அழுத்துவார். வாளியின் அடிப்புறம் திறந்து நீர் கொட்டும்.

அமெரிக்கத் தீப்பணி அமைப்புகள் ஹெலிகாப்டர்களை 3 வகையாகப் பகுத்துள்ளன. சிறிய வகை குறைந்தது 380 லிட்டர் நீரைச் சுமக்க வேண்டும்; பெரிய வகை குறைந்தது 2650 லிட்டர் சுமக்க வேண்டும். ‘ஸ்கைகிரேன்’ என்னும் பேருருவ ஹெலிகாப்டரின் தொட்டியோ ஏறத்தாழ 10,000 லிட்டர் கொள்ளும். யானை துதிக்கையால் நீர் உறிஞ்சுவதைப் போல, தொங்கும் குழாய் வழியாக நீரை உறிஞ்சி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அது தன் தொட்டியை நிரப்பிக்கொள்ளும்.

வானோடியாகும் வழி

காட்டுத்தீ விமானிகளை மிகுதியாகப் பணியில் அமர்த்தும் நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. அங்கே 16 வயது நிரம்பியவர், ஆசிரியரின் ஒப்புதலுடன் பயிற்சி மாணவராகத் தனித்துப் பறக்கலாம். 17 வயதில் தனியார் விமானி உரிமமும் 18 வயதில் வணிக விமானி உரிமமும் பெறலாம். ஹெலிகாப்டருக்கான தனியார் உரிமத்திற்குக் குறைந்தது 40 மணி நேரமும், ஊதியம் பெற்றுப் பறப்பதற்கான வணிக உரிமத்திற்குக் குறைந்தது 150 மணி நேரமும் பறந்திருத்தல் வேண்டும். மருத்துவத் தகுதிச் சான்றும் தேவை.

ஆயினும், உரிமம் கைக்கு வந்தவுடன் தீயின்மேல் பறந்துவிட இயலாது. அமெரிக்க வனப்பணித்துறைக்காக ஒப்பந்த முறையில் பறப்பவர், ஹெலிகாப்டரின் பொறுப்பு விமானியாகக் குறைந்தது 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மலைப்பகுதிகளில் பறந்த பட்டறிவும் தனியே கணக்கில் கொள்ளப்படும். 150 மணிக்கும் 1500 மணிக்கும் இடைப்பட்ட காலமே இத்தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம்.

அந்த இடைவெளியைப் பலரும் படிப்படியாகக் கடக்கின்றனர். முதலில் பயிற்சி ஆசிரியராகிப் புதிய மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர். அடுத்து, சுற்றுலாப் பயணியரையோ கடல்நடுவே உள்ள எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குச் செல்லும் பணியாளரையோ ஏற்றிச் செல்கின்றனர். பிறகு, மின்கோபுர உறுப்புகள், வெட்டிய மரங்கள் போன்றவற்றைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுச் சுமக்கும் வேலையைக் கற்கின்றனர். படைத்துறையில் ஹெலிகாப்டர் ஓட்டிய பின்னர் இப்பணிக்கு வருவோரும் உளர்.

ஹெலிகாப்டரை இயக்க இரு கைகளும் இரு கால்களும் ஒருசேர உழைக்க வேண்டும். இடக்கையிலுள்ள நெம்புகோல் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும். வலக்கையிலுள்ள கோல் செல்லும் திசையைத் தீர்மானிக்கும். கால்மிதிகள் முகப்பை இடமும் வலமும் திருப்பும். ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். இதனுடன் 100 அடி முதல் 150 அடி வரை நீளமுள்ள கம்பிவடமும் அதன் முனையில் நீர் நிறைந்த வாளியும் சேர்ந்தால் பணி பன்மடங்கு கடினமாகும். வாளி ஊசலைப் போல ஆடத் தொடங்கும். விமானி பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, நேர் கீழே நோக்கியபடியே அதன் ஆட்டத்தை அடக்க வேண்டும். முன்னே தெரியும் அடிவானத்தைப் பார்த்துப் பறக்கக் கற்ற ஒருவர், கீழே தொங்கும் வாளியைப் பார்த்துப் பறக்க மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

இவையனைத்தும் கைத்திறன்கள். இவற்றுக்கு மேலாக வானோடிக்கு வேண்டிய அறிவு வேறு. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசனுக்குச் சொல்லப்பட்ட அம்மூன்றும் தீயோடு போரிடும் வானோடிக்கும் பொருந்துவன.

வலியறிதல்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆயிரம் லிட்டர் நீரைத் தூக்குவது ஒரு சிறு மகிழுந்தைத் தூக்குவதற்கு ஒப்பாகும். அந்த எடையைத் தாங்குவது சுழலிறகுகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று. காற்று அடர்த்தியாக இருந்தால் தூக்கும் ஆற்றல் மிகும்; மெலிந்திருந்தால் குறையும். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். வெப்பம் மிகுந்தாலும் மெலியும். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரமுள்ள மலையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசாக இருக்குமானால், அங்குள்ள காற்று 3000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதைப் போல் மெலிந்திருக்கும். காட்டுத்தீ பெரும்பாலும் கோடையில், மலையில், நண்பகலுக்குப் பின் சீறுகிறது. நீர் மிகுதியாகத் தேவைப்படும் வேளையிலேயே ஹெலிகாப்டரின் வலிமை மிகக் குறைந்திருக்கிறது என்பது இப்பணியின் முரண்.

ஆதலால், புறப்படுவதற்கு முன்னரே வானோடி எடைக் கணக்கைப் போடுகிறார். ஹெலிகாப்டரின் வெற்று எடை, எரிபொருள், ஆட்கள், கருவிகள், உயரம், வெப்பநிலை ஆகியவற்றை எழுதி, எவ்வளவு சுமக்கலாம் என்று வரையறுக்கிறார். தேவையானால் வாளியின் பட்டையை இறுக்கி அதன் கொள்ளளவைக் குறைக்கிறார். எரிபொருள் செலவாகி எடை குறைந்த பின்னரே கூடுதல் நீரை முகக்கிறார்.

இக்கணக்கு பிழைத்தால் விளைவது என்ன என்பதற்கு ஒரு துயர நிகழ்வு சான்றாகும். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கலிபோர்னியாவின் வீவர்வில் நகருக்கு அருகிலுள்ள மலைக்காட்டில் தீயணைப்பு வீரர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஹெலிகாப்டர் ஒன்று, மேலெழ இயலாமல் மரங்களில் மோதி வீழ்ந்து எரிந்தது. அதில் இருந்த 13 பேரில் 9 பேர் உயிரிழந்தனர். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நெடுநாள் ஆய்ந்து ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. ஹெலிகாப்டரை அளித்த நிறுவனம் அதன் வெற்று எடையை உண்மையைவிடக் குறைத்துக் காட்டியிருந்தது. அதன் தூக்கும் ஆற்றலை மிகுத்துக் காட்டும் அட்டவணையையும் தந்திருந்தது. விமானிகள் அவ்வெண்களை நம்பியே கணக்கிட்டனர். தாளில் எழுதப்பட்ட பொய்யான எண் ஒன்று, திறமை மிக்க விமானியரையும் வீழ்த்திவிட்டது. எண்ணில் நேர்மை என்பது இத்தொழிலில் உயிர் காக்கும் கருவி.

காலமறிதல்

காட்டுத்தீ சிறிதாக இருக்கும்போதே அதன்மேல் விழும் நீருக்குப் பயன் மிகுதி. எனவே, தீக்காலம் முழுவதும் ஹெலிகாப்டரும் அதன் குழுவும் அழைப்புக்குக் காத்திருக்கின்றனர். புகை தென்பட்ட செய்தி வந்ததும் சில நிமிடங்களில் புறப்படுகின்றனர்.

விரைந்து செல்லுதல் காலமறிதலின் ஒரு பாதி. செல்லாதிருத்தல் அதன் மறுபாதி. காலைப்பொழுதில் பள்ளத்தாக்கில் தேங்கிய புகை கலையும்வரை காத்திருக்க நேரும். புயலனைய காற்று வீசும்போது பறத்தலே கூடாது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாலிசேட்ஸ் பகுதியில் தீ மூண்டபோது, மலைமுகடுகளில் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்தது. அன்று மாலை தீயணைப்பு வானூர்திகள் தரையில் நிறுத்தப்பட்டன. வீடுகள் எரிந்துகொண்டிருந்தன, ஊர்திகள் அணியமாக இருந்தன, விமானிகளும் இருந்தனர். எனினும், அந்தக் காற்றில் கொட்டிய நீர் தீயை அடையாது சிதறும், பறப்போரும் மீளார். எரியும் ஊரைப் பார்த்துக்கொண்டு தரையில் நிற்பது எவருக்கும் எளிதன்று. அதற்கும் ஒரு மனவலிமை வேண்டும்.

உடற்களைப்பும் காலத்தோடு தொடர்புடையது. களைத்த விமானியின் கணிப்பு தவறும். ஆகவே, அமெரிக்க அரசின் ஒப்பந்தங்கள் ஒரு நாளில் பறக்கும் நேரத்தை 8 மணிக்குள்ளும் பணிநேரத்தை 14 மணிக்குள்ளும் வரையறுத்துள்ளன. தீ எரிந்துகொண்டிருந்தாலும் நேரம் முடிந்தால் விமானி இறங்கியாக வேண்டும்.

இடனறிதல்

நீர் முகக்கும் இடமும், கொட்டும் இடமும், இரண்டிற்கும் இடைப்பட்ட வழியும் வானோடிக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் சுற்றில் அவர் நீரைக் கொட்டுவதில்லை. உயரத்தில் வட்டமிட்டு இடத்தை ஆராய்கிறார். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, பட்டுப்போன மரங்கள் எங்கே நிற்கின்றன, தரைக்குழுவினர் எங்கே இருக்கின்றனர், இடர் நேர்ந்தால் எவ்வழியே விலகலாம் என்பனவற்றை உற்றுநோக்குகிறார்.

அவர் மிகவும் அஞ்சும் பகை, பள்ளத்தாக்கின் குறுக்கே செல்லும் மின்கம்பி. புகைக்கிடையே அது கண்ணுக்குப் புலப்படாது. கம்பியைத் தேடுவதைவிட, அதனைத் தாங்கும் கம்பங்களைத் தேடுமாறு பயிற்சியில் கற்பிக்கின்றனர். அசைவற்ற நீர்ப்பரப்பும் ஏமாற்றும். கண்ணாடி போன்ற அதன்மேல் உயரத்தைக் கணிப்பது கடினம். தாழப் பறந்தால் நீர் குறி தவறாது விழும்; ஆனால், சுழலிறகின் காற்று தீயை விசிறிவிடும். உயரப் பறந்தால் நீர் ஆவியாகிச் சிதறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உயரத்தைக் கண்டறிவதே நுட்பம்.

தெரியுமா?

காட்டுத்தீ எரியும் பகுதியின் வான்வெளியில் பிறர் பறப்பதற்குத் தடை விதிக்கப்படும். 2025 ஜனவரி 9ஆம் நாள், பாலிசேட்ஸ் தீயைப் படம்பிடிக்க ஒருவர் பறக்கவிட்ட டிரோன், நீர் கொட்டும் விமானம் ஒன்றின் இறக்கையில் மோதித் துளையிட்டது. விமானம் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. எனினும், பழுது நீக்கும்வரை அதனைப் பயன்படுத்த இயலவில்லை.

வானும் தரையும்

வானிலிருந்து கொட்டும் நீரே தீயை அணைத்துவிடுகிறது என்று எண்ணுவது பிழை. நீர் சுவாலையைத் தாழ்த்துகிறது, வெப்பத்தைத் தணிக்கிறது. சிறிது நேரத்தில் அது உலர்ந்துவிடும். வேர்களிலும் அடிமரங்களிலும் கனன்றுகொண்டிருக்கும் கங்கு மீண்டும் தீயாகும். அந்த இடைநேரத்திற்குள் தரைக்குழுவினர் நெருங்கிச் சென்று தீத்தடுப்புக் கோட்டை வெட்ட வேண்டும். கங்குகளைக் கிளறி அணைக்க வேண்டும். தீயை முடிவாக அணைப்போர் அவர்களே. அவர்களுக்கு வேண்டிய நேரத்தை ஏற்படுத்தித் தருவதே வானோடியின் பணி. ஆதலால், வானோடி தாம் விரும்பிய இடத்தில் நீரைக் கொட்டுவதில்லை. தரையிலிருந்து வானொலியில் சொல்லப்படும் இடத்தில் கொட்டுகிறார். நீர் விழுவதற்கு முன் கீழுள்ளோர் விலகிவிட்டனரா என்பதையும் உறுதிசெய்கிறார். ஓராயிரம் கிலோ நீர் உயரத்திலிருந்து விழுந்தால் மரக்கிளைகளே முறியும்.

நம் நாட்டில்

இந்தியாவில் இப்பணியை விமானப்படை மேற்கொள்கிறது. 2021 ஜனவரியில் நாகாலாந்து, மணிப்பூர் எல்லையிலுள்ள சூகோ பள்ளத்தாக்கிலும், 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்திலும் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் வாளியில் நீர் சுமந்து தீயணைப்பில் ஈடுபட்டன. 2024 மார்ச்சில் நீலகிரியின் குன்னூரை அடுத்த காட்டில் தீ பரவியபோது, தமிழக அரசின் வேண்டுகோளை ஏற்றுக் கோவை மாவட்டம் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் வந்தது. நீர்த்தேக்கத்தில் நீர் முகந்து, பலமுறை பறந்து, ஏறத்தாழ 16,000 லிட்டர் நீரைத் தீயின்மேல் பொழிந்தது. அங்கும் தீத்தடுப்புக் கோடு அமைத்தும் தழைகளால் அடித்தும் தரையில் போராடியோர் வனப்பணியாளரும் தீயணைப்பு வீரருமே.

படைத்துறையில் வானோடியாக விரும்பும் மாணவர்க்கு 12ஆம் வகுப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத் தேர்வு ஒரு வாயிலாகும். பறக்கும் பிரிவுக்கு இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் வேண்டும். அக்கல்விக்கழகம் 2022 முதல் பெண்களுக்கும் இடமளிக்கிறது. விமானப்படையினருக்கான ஹெலிகாப்டர் பயிற்சிப்பள்ளி தெலங்கானாவின் ஹக்கிம்பேட்டையில் உள்ளது. கடற்படையினருக்கான பயிற்சிப்பள்ளி தமிழ்நாட்டின் அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். இராஜாளித் தளத்தில் அமைந்துள்ளது. அங்குப் பயின்ற அனாமிகா ராஜீவ், 2024 ஜூனில் இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தகுதி பெற்றார்.

துணிவின் மறுபெயர்

‘இந்த எடையைத் தூக்க இயலாது, இந்தக் காற்றில் பறக்க இயலாது, இந்தப் பள்ளத்தாக்கில் இறங்க இயலாது’ என்று உரிய நேரத்தில் சொல்லத் தெரிந்தவரே நெடுங்காலம் காட்டுத்தீ வானோடியாகப் பணியாற்றுகிறார். அச்சொல்லைக் கோழைத்தனம் என்று எந்தப் பட்டறிவுடைய தீயணைப்புக் குழுவும் கருதுவதில்லை. தன் அளவை அறிந்து மறுக்கும் வானோடி மறுநாளும் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். வலிமையும் காலமும் இடமும் அறிந்த பின் எழும் துணிவே தீக்கு எதிரே பயன்படும். 1500 மணி நேரப் பறத்தல் ஒருவருக்குக் கற்பிப்பது அதனைத்தான்.

கற்பவை கற்றபின்…

1. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களைப் படித்து, அவற்றின் கருத்துகள் இப்பாடத்தில் கூறப்பட்ட பணிக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதை வகுப்பில் உரையாடுக.

2. ‘இயலாது என்று சொல்வதும் துணிவே’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. வெப்பம் மிகும்போது காற்றின் அடர்த்தி குறைவது ஏன் என்பதை இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து, எளிய தமிழில் விளக்கி எழுதுக.

4. உங்கள் பகுதியிலுள்ள தீயணைப்பு வீரர் அல்லது வனப்பணியாளர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் பணியைப் பற்றிய நேர்காணலுக்கு 10 வினாக்களை உருவாக்குக.